ஏழாவது வாரத்தில் குஞ்சுகள், பொழுது சாய்ந்தால் கூண்டுக்குள் அடைய மறுக்கின்றன

புதுக்கூண்டு:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் எட்டுக் குஞ்சுகள் இருக்கின்றன, ஆறு வாரம் முடிந்து ஏழாவது நடக்கிறது. உடம்பு முழுக்க இறகு வந்துவிட்டது, கழுத்தில் மட்டும் கொஞ்சம் பூமயிர் மிச்சம். புரூடரில், அதாவது குஞ்சுகளுக்குச் சூடு கொடுத்து வளர்க்கும் பெட்டியில், இடம் போதாமல் ஒன்றையொன்று கொத்த ஆரம்பித்ததால் வெளியே உள்ள மரக்கூண்டுக்கு மாற்றிவிட்டேன். கூண்டு கால்களின் மேல் நிற்கிறது, ஏறிப்போக சாய்வுப் பலகை இருக்கிறது, முன்னால் வலையடித்த சின்ன முற்றம்.

பகலில் ஒரு குறையும் இல்லை. முற்றத்தில் கிளறுகின்றன, மண்ணில் புரள்கின்றன, நன்றாகத் தின்கின்றன. பொழுது சாய்ந்தால்தான் சிக்கல். ஒன்றுகூட பலகையில் ஏறுவதில்லை, எல்லாமே முற்றத்தின் ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கீச்சுக் கீச்சென்று கத்துகின்றன. பிடித்து உள்ளே விட்டால் பாதி மறுபடி வெளியே ஓடிவிடுகின்றன, மீதியில் இரண்டு முட்டைப் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்கின்றன, உட்காரும் கட்டையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முதல் நாளிலிருந்தே பகல் முழுக்கக் கூண்டுக் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். இரவில் விளக்கு தேவையா, கட்டையில் நானே ஏற்றி உட்காரவைக்கணுமா, தானாகப் பழகிக்கொள்ளுமா? பக்கத்துக் கூண்டில் முட்டையிடும் பெரிய கோழிகள் மூன்று இருக்கின்றன, அவற்றோடு எப்போது சேர்க்கலாம் என்பதும் தெரியணும்.

தவிட்டுநிறத்தாள்:

முதலில் செய்யவேண்டியது முற்றத்துக்குப் போகும் கதவை மூடுவது. நான்கைந்து நாள், முடிந்தால் ஒரு வாரம் முழுக்கக் கூண்டுக்குள்ளேயே வைத்திருங்கள். தீவனம், தண்ணீர், வெளிச்சம், காற்று எல்லாம் உள்ளேயே கிடைக்கணும். தான் எங்கே உறங்கி எழுகிறோமோ அதுதான் தன் இடம் என்று கோழிக்குப் பதிவாக இத்தனை நாள் வேண்டும். இப்போது உங்கள் குஞ்சுகளுக்கு முற்றம்தான் வீடு, மேலே இருக்கும் மரப்பெட்டி நீங்கள் இரவில் பிடித்து அடைக்கிற ஏதோ ஓர் இடம், அவ்வளவுதான்.

புரூடரில் வைத்திருந்த அதே தீவனத் தட்டையும் அதே தண்ணீர்க் குடுவையையும் உள்ளே கொண்டுபோய் வையுங்கள். புதுச் சாமானைப் பார்த்து மிரண்டு அரை நாள் தண்ணீர் குடிக்காமல் நிற்கிற குஞ்சுகள் உண்டு, தண்ணீர் குறைந்தால் தீவனமும் எடுக்காது. பழைய பெட்டியின் கூளத்தில் காய்ந்த பகுதியாகக் கொஞ்சம் அள்ளி இங்கே தூவினாலும் நல்லது, தெரிந்த வாசனை இருக்கும்.

ஒரு கவனம்: வெயில் காலமாக இருந்தால் பூட்டிய மரக்கூண்டு உள்ளே அனல் அடிக்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி நின்றால் அவற்றுக்குத் தாங்கவில்லை என்று அர்த்தம், அப்போது ஒரு வாரக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது. உச்சிவெயிலில் வலைத்தடுப்பு போட்டுக் காற்று வரவிடுங்கள், இல்லையென்றால் நிழலில் முற்றத்துக்கு விட்டு, வெளிச்சம் இருக்கும்போதே மாலையில் உள்ளே அனுப்புங்கள்.

கொண்டைச்சேவல்:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்த மூலைக் குவியலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள் நண்பரே. குளிருக்கு ஒட்டிப் படுப்பது வேறு, பயத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவது வேறு. இரண்டாவதில் அடியில் சிக்கிய குஞ்சு மூச்சு முட்டிச் செத்துப்போகும், காலையில்தான் நமக்குத் தெரியும். எட்டுக் குஞ்சுகளில் ஆபத்து கொஞ்சம் குறைவு, கூட்டம் பெரிதாகப் பெரிதாக இழப்பும் பெரிதாகும். கூண்டின் நான்கு மூலைகளிலும் அட்டையை வளைத்து வைத்து மூலையே இல்லாமல் செய்துவிடுங்கள். புரூடரை வட்டமாக அமைப்பதும் இதற்காகத்தான்.

சத்தத்தையும் கேட்கப் பழகுங்கள். மெல்லிய குரலில் உருட்டி உருட்டிப் பேசிக்கொண்டால் நிம்மதியாக இருக்கின்றன. உரக்க, விடாமல், ஒரே சுருதியில் கீச்சிட்டால் குளிர், பயம், பசி ஏதோ ஒன்று. நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகை.

வைக்கோல்போர்:

கதவை மூடி வைப்பது சரி. ஆனால் இருட்டுகிற நேரத்தில் என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, சிக்கலே அங்கேதான் இருக்கிறது. கோழிக்குப் பகல் பார்வை மிக நல்லது, மங்கலில் மனிதனைவிட மோசம். பொழுது சாயும்போது வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கும், மரக்கூண்டுக்குள் அதற்குள் கும்மிருட்டு. உள்ளே என்ன இருக்கிறது என்றே குஞ்சுக்குத் தெரியாது, தெரியாத இருட்டுக்குள் எந்தக் குஞ்சு போகும்? உங்கள் எட்டும் பிடிவாதம் பிடிக்கவில்லை, அவற்றுக்குக் கண் தெரியவில்லை.

அதனால் அடையும் நேரத்துக்கு அரை மணி முன்னால் கூண்டுக்குள் ஒரு சின்ன விளக்கு போடுங்கள், பேட்டரி விளக்கே போதும். வெளியே மங்க மங்க உள்ளே பளிச்சென்று தெரியும், ஒன்று ஏறினால் மற்றவை பின்னால் போகும். எல்லாம் ஏறி அமைதியான பிறகு விளக்கை எடுத்துவிடலாம். படக்கென்று அணைத்தால் தரையில் நின்றுகொண்டிருப்பது அங்கேயே மாட்டிக்கொள்ளும், அதனால் எல்லாம் உட்கார்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு அணையுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் குறைத்து நிறுத்திவிடலாம்.

பனைநிழல்:

நான் இரவு முழுக்க விளக்கு எரியவிடுவேன், புரூடரில் வெளிச்சத்திலேயே இருந்து வந்தவை, திடீரென்று இருட்டில் போட்டால் மிரளும். பாவம் இல்லையா?

வைக்கோல்போர்:

மிரளும் என்பது உண்மைதான். ஆனால் இரவு முழுக்க வெளிச்சம் இருந்தால் அவை சரியாக உறங்காது, தின்பதும் கொத்துவதும் ராத்திரியிலும் தொடரும். அதோடு இன்னும் முட்டையிடத் தொடங்காத விடைக்கோழிகளுக்கு வளரும் வயதில் நீண்ட நேரம் வெளிச்சம் கிடைத்தால் உடம்பு தயாராகும் முன்பே முட்டை வைக்க ஆரம்பிக்கலாம், பண்ணைகளில் இந்தப் பருவத்தில் வெளிச்ச நேரத்தைக் கட்டுப்படுத்துவது அதற்காகத்தான். பயத்தைப் போக்க அந்த அரை மணி விளக்கு போதும்.

வெப்ப விளக்கைக் கூண்டுக்குள் தொங்கவிட நினைப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், வேண்டாம். காய்ந்த கூளம், தூசி, பறக்கிற குஞ்சு, சூடான பல்பு நான்கும் ஒரே மரப்பெட்டிக்குள் இருந்தால் தீப்பிடிக்க வேறெதுவும் வேண்டியதில்லை. முதல் வாரம் 35 பாகை செல்சியஸ், பிறகு வாரத்துக்கு மூன்று பாகை குறைத்துக்கொண்டே வந்திருந்தால் ஆறாவது வாரத்தில் 20 பாகை அளவுக்குப் பழகியிருக்கும். இறகு முழுதாக முளைத்த குஞ்சுக்கு உங்கள் ஊர் இரவு அதைவிடப் பெரிதாகக் குளிரவில்லையென்றால் விளக்குச் சூடு தேவையே இல்லை. நேரடியாக மேலே படுகிற காற்றைத் தடுத்தால் போதும்.

புதுக்கூண்டு:

கண் தெரியாது என்ற கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை, இது பெரிய உதவி. இன்றே விளக்கு வைக்கிறேன். குளிர் அப்படி ஒன்றும் இல்லை, சூடு தேவைப்படாது. கட்டை விஷயம் சொல்லுங்கள். இப்போது கட்டை என் இடுப்பு உயரத்தில் இருக்கிறது, முட்டைப் பெட்டி அதற்கு ஒரு சாண் கீழே.

தவிட்டுநிறத்தாள்:

இடுப்பு உயரம் குஞ்சுக்கு மலை. ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில் தற்காலிகமாக ஒரு கட்டையைக் கிடத்துங்கள். பகலில் அதன்மேல் ஏறி இறங்கி விளையாடும், விளையாட்டிலேயே கால் பிடிமானம் வந்துவிடும். பிறகு இன்னொன்றைக் கொஞ்சம் மேலே, படி வைத்த மாதிரி. பெரிய கட்டை அங்கேயே இருக்கட்டும், ஒன்றிரண்டு மாதத்தில் அவையே போய்ச் சேரும்.

கட்டையின் அகலம் நான்கு, ஐந்து சென்டிமீட்டர் இருக்கணும், விளிம்பை உருட்டி இழைத்திருக்கணும். மெல்லிய குச்சியும் வழவழப்பான குழாயும் வேண்டாம். இந்த வயதில் ஆளுக்கு ஒரு சாணுக்குக் குறைவாகவே போதும், பெரிதானதும் 20 முதல் 25 சென்டிமீட்டர். கட்டைக்கு நேர் கீழே தண்ணீரை வைக்காதீர்கள், ராத்திரி எச்சமெல்லாம் அதில்தான் விழும்.

முட்டைப் பெட்டியை இப்போதே அட்டை வைத்து அடைத்துவிடுங்கள். அதில் உறங்கிப் பழகினால் எச்சமும் அதிலேயே போகும், பின்னாளில் முட்டையெல்லாம் அழுக்காக வரும். பதினாறு, பதினேழு வாரம் ஆகும்போது திறந்தால் போதும். கோழி எப்போதும் கிடைப்பதில் உயரமான இடத்தைத்தான் தேடும், அதனால் பெட்டி கட்டைக்குக் கீழே இருப்பது சரியான அமைப்பு.

மண்குளியல்:

கட்டையை அவசரப்படுத்தாதீர்கள் என்று நான் சொல்வேன். கனமான இனமாக இருந்தால் சில கோழிகள் கட்டையே ஏறாது, அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. காய்ந்த கூளம் தடிமனாக இருந்தால் தரையில் நிம்மதியாக உறங்கும். நான் கையில் தூக்கி வைப்பதே இல்லை, அவையாக வரட்டும்.

தவிட்டுநிறத்தாள்:

கனமான இனத்துக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் சாதாரண முட்டைக்கோழி இனத்துக்குச் சீக்கிரம் பழக்குவதில் பலன் உண்டு. ஸ்வீடனில் 1990களின் கடைசியில் பண்ணைகளில் பார்த்திருக்கிறார்கள், நான்கு வார வயதுக்குள் கட்டை கிடைத்து வளர்ந்த கோழிகள் பிற்பாடு தரையில் முட்டை வைப்பது குறைவாக இருந்தது, ஒன்றின் பின்புறத்தை ஒன்று கொத்திக் குதறும் கொடுமையும் குறைவாக இருந்தது. மேலே ஏறத் தெரிந்தது தப்பிக்கத் தெரிந்தது. தாய்க்கோழியோடு வளர்கிற குஞ்சு இதைச் சின்ன வயதிலேயே கற்றுக்கொள்கிறது, புரூடர் குஞ்சுக்குத் தாய் இல்லை, அதனால் நாம்தான் கையைக் கொடுக்கணும்.

செய்முறை எளிது. நன்றாக இருட்டிய பிறகு போங்கள். அப்போது அவை கிறங்கிப்போய் இருக்கும், எதிர்க்காது. மங்கலான சிறு விளக்கோடு ஒவ்வொன்றாக எடுத்து, கால்விரல் கட்டையைப் பிடிக்கும்வரை கையைத் தளர்த்தாமல் நின்று, பிடித்ததும் விடுங்கள். இரண்டு பக்கமும் ஒரு தோழி இருந்தால் இறங்காது. இறங்கினாலும் பரவாயில்லை, மறுநாள் பார்க்கலாம். பகலில் துரத்திப் பிடித்துக் கட்டையில் வைப்பதைமட்டும் யாரும் செய்யாதீர்கள், நம்மையும் கூண்டையும் சேர்த்துப் பயப்படும்.

கொண்டைச்சேவல்:

கூண்டைப் பற்றி இரண்டு வார்த்தை. காற்றோட்டம் கட்டைக்கு மேலே, கூரை ஓரமாக இருக்கணும், கோழி உட்காரும் மட்டத்தில் வீசக் கூடாது. காலையில் கதவைத் திறந்ததும் குனிந்து முகர்ந்து பாருங்கள், கண் எரிந்தால் எச்சத்திலிருந்து அமோனியா ஏறுகிறது, கூளம் ஈரம், காற்று போதவில்லை.

வலை என்ன போட்டிருக்கிறீர்கள்? அறுகோணக் கண் உள்ள கோழிவலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும், வெளியே இருந்து வருவதைத் தடுக்காது. நாய் கிழித்துவிடும், கீரி வளைத்துவிடும், குட்டிப் பாம்பும் எலியும் நேராகவே நுழையும். அரை அங்குலக் கண் உள்ள பற்றவைத்த கம்பிவலைதான் வேண்டும், அடியில் ஒரு அடி அகலத்துக்கு வெளிப்பக்கம் மடித்து மண்ணில் புதைத்துவிட்டால் தோண்டி வருவதும் நிற்கும். குஞ்சுகள் முற்றத்தில் உறங்குகிறவரை இது உங்களுக்கு இன்றைய அவசரம்.

கால்நடைப் படிப்பு:

மேலே எல்லாம் நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் உடல்நலம் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் புதுக் கூண்டுக்கு மாற்றுகிற வாரத்தில் குஞ்சை இழப்பவர்கள் பெரும்பாலும் குளிராலோ பயத்தாலோ இழப்பதில்லை, இரத்தக்கழிச்சலால் இழக்கிறார்கள்.

இதற்குக் காரணம் ஐமீரியா என்கிற ஒட்டுண்ணி. மண்ணிலும் எச்சத்திலும் இருக்கும் இதன் முட்டைக்கூடுகள் ஈரமும் கதகதப்பும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். குஞ்சு விழுங்கிய பிறகு நான்கிலிருந்து ஏழு நாளில் குடலில் பெருகிவிடும். அதனால் மாற்றிய அன்று துறுதுறுவென்று இருந்தது ஒரு வாரம் கழித்து இறகை உப்பிக்கொண்டு, தோளைக் குறுக்கி, கண்ணை மூடி ஓரமாக நிற்கும். எச்சத்தில் இரத்தம் தெரியலாம், தெரியாமலும் இருக்கலாம், அதனால் இரத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆம்புரோலியம் என்ற மருந்தைக் குடிநீரில் கலந்து கொடுப்பது வழக்கம், அளவை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஒன்றுக்கு வந்தால் எட்டுக்கும் கொடுக்கணும். அந்த மருந்து ஒட்டுண்ணிக்கு பி1 வைட்டமின் கிடைக்காமல் செய்துதான் வேலை செய்கிறது, ஆகவே அதே நாட்களில் பி வைட்டமின் டானிக் ஊற்றினால் மருந்தின் பலன் குறையும். பலர் நல்லது செய்வதாக நினைத்து இரண்டையும் ஒன்றாகக் கொடுக்கிறார்கள்.

தடுப்பு என்றால் காய்ந்த கூளம், அவ்வளவுதான். உமியோ மரச்சீவலோ எதுவானாலும் நான்கு விரல் தடிமன் போட்டு, தண்ணீர்க் குடுவையைக் குஞ்சின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வைத்தால் சிந்துவது குறையும். நனைந்த இடத்தை அன்றன்றைக்கே அள்ளி எறியுங்கள்.

தீவனம் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக் கூண்டின் லேயர் தீவனத்தை, அதாவது முட்டையிடும் கோழிக்கான தீவனத்தை, இவற்றுக்கு வைக்காதீர்கள். அதில் மூன்றரை, நான்கு சதவீதம் கால்சியம் இருக்கும், முட்டையிடாத குஞ்சின் சிறுநீரகம் அதைத் தாங்காது. எட்டு வாரம்வரை ஸ்டார்ட்டர் என்கிற குஞ்சுத் தீவனம், பிறகு முட்டை வைக்கும் பருவம்வரை குரோயர் என்கிற வளர்பருவத் தீவனம். பின்னாளில் எல்லாவற்றையும் ஒன்றாக வைக்கும்போது அனைவருக்கும் குரோயரே போட்டு, பெரிய கோழிகளுக்காகக் கிளிஞ்சல் நொறுக்கைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள், தேவையுள்ளது தானே வந்து தின்னும்.

புதுக்கூண்டு:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நடந்ததைச் சொல்கிறேன். முற்றத்துக் கதவை மூடிவிட்டு, பழைய தட்டும் குடுவையும் உள்ளே வைத்தேன், தாழ்வான கட்டை ஒன்று போட்டேன், முட்டைப் பெட்டியை அடைத்தேன், மாலையில் விளக்கு. முதலில் மூன்று குஞ்சுகள் கட்டையில் தங்கின, இப்போது ஆறு. மீதி இரண்டும் கட்டைக்குக் கீழே கூளத்தில் ஒட்டிப் படுக்கின்றன, கத்துவது நின்றுவிட்டது. எச்சம் கெட்டியாக, வெள்ளை முனையோடு இருக்கிறது. நேற்று கதவைத் திறந்துவிட்டேன், மாலையில் ஐந்து தானாகப் பலகையில் ஏறின, மூன்றைத் தூக்கி விட்டேன்.

இனி பெரிய கோழிகளோடு சேர்ப்பது. வலைக்கு அந்தப் பக்கம் நின்று பெரியது ஒன்று இறகைச் சிலிர்த்துக்கொண்டு முறைக்கிறது, எனக்கு அதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

மண்குளியல்:

நீங்கள் தூக்கி விட்ட அந்த மூன்று குஞ்சும் ஒரு வாரத்துக்குள் பழகிவிடும், பலகையின் அடியிலிருந்து உள்ளேவரை கொஞ்சம் தீவனத்தைத் தூவி வழி காட்டுங்கள். பலகையில் குறுக்காகச் சிறு சட்டம் அடித்திருக்கிறீர்களா? வழுக்கினால் ஏறாது.

கொண்டைச்சேவல்:

பெரியவற்றோடு இப்போது வேண்டவே வேண்டாம் நண்பரே. உடல் அளவு கிட்டத்தட்ட ஒன்றாகும்வரை பொறுங்கள், பன்னிரண்டு வாரத்துக்குக் குறையாமல், பதினாறு என்றால் இன்னும் நல்லது. கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை கண்டிப்பாக இருக்கும். நார்வேக்காரர் தார்லீஃப் ஷெல்டரப்-எப்பே சிறுவயதிலிருந்து கோழிகளை உற்று நோக்கிக் குறித்துவைத்து 1920களின் தொடக்கத்தில் இதை விரிவாக எழுதினார், இன்றும் அந்த வரிசைதான் நம் முற்றத்தில் நடக்கிறது. புதிதாக வருபவை கடைசியில்தான் நிற்கும். கொஞ்சம் கொத்து விழும், நாம் ஒவ்வொரு கொத்துக்கும் குறுக்கே போனால் வரிசை முடிவாகாமல் சண்டை நீளும். இரத்தம் வந்தால் மட்டும் உடனே பிரித்துவிடுங்கள், சிவப்பைப் பார்த்தால் மற்றவையும் அதே இடத்தில் கொத்தும்.

வலைக்கு இரு பக்கமும் இருந்து பார்த்துக்கொண்டே வளர்வது உங்களுக்கு இப்போதே அமைந்திருக்கிறது, அது பெரிய வசதி. தீவனத் தட்டுகளை இரண்டு பக்கமும் வலையை ஒட்டி வையுங்கள், எதிரெதிரே நின்று தின்னப் பழகட்டும். சேர்க்கும் நாளில் தட்டு, குடுவை எல்லாம் இரண்டு மூன்று இடத்தில் வைத்து, ஒளிந்துகொள்ளப் பலகையும் பெட்டியும் சாய்த்துப் போடுங்கள், ஒரு பக்கம் அடைத்த மூலை இருக்கக் கூடாது, இரண்டு வழி இருக்கணும்.

தவிட்டுநிறத்தாள்:

சேர்க்கும்போது ஒன்றிரண்டாக விடாதீர்கள், எட்டையும் ஒன்றாக விடுங்கள். தனியாகப் போகிறது எல்லா அடியையும் தனியாக வாங்கும். உங்கள் கூண்டில் பதினொரு கோழிக்கு இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள், உள்ளே தலைக்கு நான்கு சதுர அடி, முற்றத்தில் பத்து. இடம் குறைந்தால் எத்தனை வாரம் பொறுத்தாலும் சண்டை ஓயாது.

புதுக்கூண்டு:

உள்ளே முப்பது சதுர அடிதான் வரும். அப்படியானால் பின்பக்கம் நீட்டிக் கட்டிவிட்டுத்தான் சேர்ப்பேன், பன்னிரண்டாவது வாரத்துக்குள் முடித்துவிடலாம். பலகையில் சட்டம் இல்லை, இன்று மாலைக்குள் அடித்துவிடுகிறேன்.

மண்குளியல்:

ஒரு சாணுக்கு மூன்று சட்டம் வருகிற மாதிரி அடியுங்கள், ஆணி முனை மேலே துருத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பலகை செங்குத்தாக இருந்தால் அடிமுனையை இன்னும் தள்ளிப் போட்டுச் சாய்வைக் குறையுங்கள்.